கிருத்திகையன்று ஒரு குத்தூசி

அரிசி மண்டியில் மூட்டையின் வயிற்றை அறியக் குத்தூசி ஒன்றே வழி. ஒரு சாணும் நாலு விரலும் நீளமுள்ள இரும்பு அது. நுனி முள்ளைப் போலக் கூர்ந்திருக்கும். நுனியிலிருந்து பிடி வரையில் நடுவே சிறு வாய்க்கால் ஓடும். கோணியில் குத்தித் திருகினால் உள்ளிருக்கும் மணிகள் அவ்வாய்க்கால் வழியே வழிந்து உள்ளங்கையில் விழும். உருவிய இடத்தில் கோணி கண் திறந்து கிடக்கும். கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தால் சணல் இழைகள் மீண்டும் கூடிக்கொள்ளும். தேய்க்க மறந்தால் அரிசி ஒழுகிக்கொண்டே இருக்கும்.

காசி அந்தத் தொழிலில் பழுத்தவன். திருவண்ணாமலை தனி மாவட்டமாகி ஆறேழு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஊரைச் சுற்றி அரிசி ஆலைகள் பெருகிவிட்ட அக்காலத்தில், தேரடி வீதிக்குப் பின்புறத்துச் சந்திலிருந்த மண்டிக்கு வரும் மூட்டை எதுவும் அவன் கை படாமல் எடைக்குப் போனதில்லை. மணியைப் பல்லில் வைத்துக் கடித்தே அது எந்த மழையில் நனைந்தது என்று சொல்லுவான் என்பார்கள். அது மிகை. ஆயினும் அவன் அதை மறுத்ததில்லை.

ஆடிக் கிருத்திகையன்று மண்டிக்கு விடுமுறை. ஆனாலும் வரவேண்டிய லாரி ஒன்று இருந்ததால் காசி கதவைப் பாதி திறந்து வைத்து உள்ளே காத்திருந்தான். அந்த நேரத்தில் ஆள் நடமாட்டம் இராது என்று எண்ணித்தான் தங்கை கணவன் இராமலிங்கத்தையும் அங்கே வரச் சொல்லியிருந்தான். இராமலிங்கம் அரிசி ஆலை ஒன்றில் மேஸ்திரி. நல்ல உயரம், நல்ல உடற்கட்டு. நாளின் பொருட்டுக் குளித்து, மஞ்சள் வேட்டி உடுத்து, மேலே துண்டு மட்டும் போர்த்து வந்திருந்தான்.

"வா மாப்ள. உக்காரு."

"நிக்கறேன் மச்சான். இன்னா விஷயம், சொல்லு."

"தனம் இன்னிக்குப் பால்குடம் எடுக்கறா. தெரியுமா?"

"தெரியாம இன்னா? கல்யாணம் ஆன வருஷத்துலேர்ந்து எடுத்துக்கினுதான் இருக்கா. முருகனுக்கே பால் ஜாஸ்தியாப் போயிருக்கும்."

காசி சிரிக்கவில்லை. தனம் அவனுக்கு ஒரே தங்கை. பிள்ளை இல்லை. பங்குனியில் இராமலிங்கம் அவளைத் திருவிழாவுக்கென்று பிறந்த வீட்டுக்கு அனுப்பினான். பிறகு அழைத்துப் போக வரவே இல்லை.

"போளூர்ல பொண்ணு பாத்துட்டு வந்தியாமே?"

"பாத்தேன். ஆவணியில முடிக்கலாம்னு இருக்கறேன். மூடி மறைக்கற ஆள் இல்ல நானு."

"தனத்துக்கு இன்னா வழி?"

"உன் வீட்லதான இருக்கா? இருக்கட்டுமே. அண்ணன்காரன் நீ கஞ்சி ஊத்த மாட்டியா?"

"மாப்ள, நான் சண்டைக்குக் கூப்பிடல. அவளும் வந்து ஒரு ஓரமா இருக்கட்டும்னுதான் கேக்கறேன்."

காசி யாரிடமும் இவ்வளவு இறங்கிப் பேசியவன் அல்லன். இராமலிங்கமோ அவன் கையிலிருந்த குத்தூசியைப் பார்த்தான், உதட்டோரம் நெளிந்தது.

"நீ இன்னா பண்ற மச்சான்? மூட்டையைக் குத்திப் பாக்கற, கையில கொட்டிப் பாக்கற, கடிச்சுப் பாத்துட்டுதான் வாங்கற. நான் பாவி, குத்திப் பாக்காம வாங்கிட்டேன். வூட்டுக்கு வந்து பிரிச்சா, உள்ள அத்தனையும் கருக்கா."

கருக்கா என்பது பால் பிடிக்காத நெல். உமி மட்டும் இருக்கும், உள்ளே மணி இராது.

கை எழுந்ததைக் காசி அறிந்தான். இறங்கியதை அறியவில்லை. இராமலிங்கம் பின்னுக்குச் சாய்ந்து அரிசி மாவு மூட்டைகளின்மேல் விழுந்தான். ஒரு மூட்டை வாய் பிரிந்து, அவன் தலைமுதல் இடைவரை வெண்தூள் கொட்டியது. அவன் எழுந்து நின்றபோது குத்தூசி காசியின் கையில் இல்லை. அது இராமலிங்கத்தின் இடக்கன்னத்தில் புகுந்து, வாயைக் குறுக்கே கடந்து, நாக்கின் அடியைத் தைத்து, வலத்தாடைக்குக் கீழே கழுத்தில் நுனி காட்டி நின்றது. பிடி இந்தப் பக்கம், முனை அந்தப் பக்கம். இரத்தம் பீறிடவில்லை. கடைவாயில் ஒரு நூல் மட்டும் இறங்கியது.

பழம்பாடல்கள் முகத்திலும் மார்பிலும் பட்ட புண்ணைப் புகழென்று பாடும். முதுகில் பட்டதைப் பழியென்று தள்ளும். மைத்துனன் கையால் மண்டிக்குள் பட்ட புண்ணுக்கு அவற்றில் இடமே இல்லை.

இராமலிங்கம் கையை உயர்த்திப் பிடியைத் தொட்டான், இழுக்கவில்லை. ஏதோ சொல்ல முயன்றான். ஈரமான ஒரு முனகல்தான் வந்தது. பிறகு காசியைப் பார்க்காமலே, தலையை அசைக்க முடியாதவனாய், தூக்கி நிறுத்திய கொடிமரம் போலத் திரும்பிக் கதவைத் தாண்டி வெளியே போனான். சந்து முடிந்து வீதியைக் குறுக்கே கடந்தால் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி. அவன் அங்கேதான் போகிறான் என்பது காசிக்குத் தெரிந்தது. போய்ச் சேர்ந்தால் முதலில் தன் பெயரைத்தான் காட்டிக்கொடுப்பான் என்பதும் தெரிந்தது.

சற்று நேரம் கழித்தே காசியின் கால்கள் அசைந்தன. அவன் சந்தின் வாய்க்கு வந்தபோது வீதியில் காவடி ஊர்வலம் நிறைந்திருந்தது.

ஐயங்குளத்தில் நீராடிக் கிளம்பிய கூட்டம் மலையடிவாரத்திலிருந்த சிறிய முருகன் கோயிலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. பம்பையும் உடுக்கையும் வீட்டுச் சுவர்களில் மோதித் திரும்பின. மயிற்பீலிக் காவடிகள், பால்குடங்கள், வாய்க்குக் குறுக்கே அலகு குத்தியவர்கள். அலகு என்பது சிறு வேல். நேர்ந்துகொண்டவர் விரதமிருந்து கன்னத்தில் குத்திக்கொண்டு ஒரு சொல்லும் பேசாமல் நடப்பார். கோயில் வாசலில் பூசாரி அதை உருவித் திருநீறு வைத்து அழுத்துவார். ஆண்டுதோறும் நடப்பது. காசியும் இளமையில் ஒருமுறை குத்திக்கொண்டவன்தான்.

அக்கூட்டத்தின் நடுவே மஞ்சள் வேட்டியும் திருநீறு போல வெண்தூள் பூசிய மேனியுமாய், கன்னத்தில் ஏறிய இரும்போடு, இமை அசையாமல் நின்றான் இராமலிங்கம்.

முதலில் கண்டவள் கன்னியம்மாள். பூக்கடைக்காரி, வாயும் பெரிது, பக்தியும் பெரிது.

"ஐயோ, பாருங்கடி! எம்மாம் பெரிய வேலு! துணைக்கு ஒரு ஆள் இல்லாம ஒண்டியா வந்துகினு இருக்குது சாமி!"

உடனே வழி விலகிற்று. ஒருவன் குடத்து நீரை அவன் காலில் ஊற்றினான். பெண்கள் அந்நீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். இராமலிங்கம் ஆஸ்பத்திரி இருந்த திசையைக் கையால் காட்டினான். வாழ்த்துகிறான் என்று இருவர் குனிந்தனர். இரு கைகளையும் கூப்பிக் கெஞ்சினான். "அரோகரா!" என்று முழங்கினார்கள்.

"முனையில பழம் இல்லையேடி, வழியில வுழுந்துடுச்சு போல" என்று கன்னியம்மாள் தன் கூடையிலிருந்து எலுமிச்சம்பழம் ஒன்றை எடுத்தாள். எட்டி, கழுத்தோரம் தெரிந்த நுனியில் அதைச் செருகினாள். இராமலிங்கத்தின் உடல் முழுவதும் ஒருமுறை நடுங்கியது.

"அருள் எறங்குது!" என்றான் பம்பைக்காரன். அடி இரட்டித்தது.

ஆற்றில் விழுந்த கட்டை ஆற்றின் போக்கில்தான் போகும். இராமலிங்கத்தைச் சுற்றி நாலைந்து இளைஞர் கைகோத்து வளையம் கட்டினார்கள்; வளையம் கோயிலை நோக்கி நகர்ந்தது; அவனும் நகர்ந்தான்.

காசி கூட்டத்தின் ஓரமாகத் தொடர்ந்தான். நெஞ்சில் முதலில் எழுந்தது அச்சமன்று, ஒரு விடுதலை. அதை மறைத்துச் சொல்வதற்கில்லை. இத்தனை பேர் பார்க்கிறார்கள். இத்தனை பேரும் இதை வேண்டுதல் என்கிறார்கள். வாசலில் பூசாரி உருவுவான். பிறகு என்ன ஆகும்? அந்த இடத்தில் அவன் நினைவு தானாகவே மண்டிக்குத் திரும்பியது. ஊசி உள்ளே நிற்கும்வரை மூட்டையிலிருந்து ஒரு மணி சிந்தாது. உருவினால்தான் கண் திறக்கும். கோணி கூடிக்கொள்ளும், கழுத்து கூடிக்கொள்ளுமா? பீறிடாத அந்த இரத்தம் எங்கே நிற்கிறதென்று அவனுக்கு விளங்கியது.

உருவினால் இராமலிங்கம் சாவான். அலகு தவறி இறந்தான், விரதத்தில் ஏதோ குறை என்று ஊர் பேசும். மண்டியில் யாரும் இல்லை. சாட்சி இல்லை. வாய் திறக்காமல் இன்னும் அரை நாழிகை நடந்தால் போதும்; காசிக்கு ஒரு குறையும் வராது. திறந்தால் சிறை.

இவ்வூர்க் கதையில் ஒரு பூ உண்டு. சிவனின் முடியைக் கண்டதாகப் பொய் சொன்ன பிரமனுக்குச் சாட்சி சொன்ன தாழம்பூ. அது பேசிக் கெட்டது. பூசைக்கு ஆகாது என்று விலக்கப்பட்டது. பேசாமல் நின்றிருந்தால் அதன் பொய் ஒருவருக்கும் தெரிந்திராது. காசி அந்தக் கதையைக் கோயில் சுவரில் பார்த்து வளர்ந்தவன். பேசாமல் நிற்பதும் சாட்சிதானோ என்று அவன் அன்றுவரை யோசித்ததில்லை.

பெரிய தெருவின் திருப்பத்தில் பால்குடக்காரர்கள் சேர்ந்துகொண்டார்கள். அவர்களில் ஒருத்தி வரிசையை விட்டு விலகி வளையத்தை நோக்கி விரைந்தாள். தலையில் குடம், கழுத்தில் வேப்பிலை மாலை. தனம்.

அவள் கணவனைப் பார்த்தாள். வாய் சற்றே திறந்து நின்றது. பிறகு அவள் முகத்தில் படர்ந்ததைக் காசி தன் வாழ்நாளில் அவளிடம் கண்டதில்லை, மணநாளில்கூட.

"என் வீட்டுக்காருங்க! வுடுங்க, என் வீட்டுக்காருங்க!" என்று வளையத்துக்குள் நுழைந்தாள். முந்தானையால் அவன் கடைவாய் நூலைத் துடைத்தாள். சுற்றும்முற்றும் பார்த்தவள் ஓரத்தில் அண்ணனைக் கண்டாள்.

"அண்ணா! பாத்தியா ண்ணா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. எனக்காகக் குத்திகினு வந்துட்டாரு ண்ணா! நீ இன்னாவோ போளூரு, கீளூருன்ன?"

காசி ஓர் அடி முன்னே வைத்தான். "தனம்…"

"நீ ஒண்ணும் பேசாத. இன்னிக்காச்சும் அவரை வையாத. பின்னாலயே வா."

இராமலிங்கத்தின் கழுத்து திரும்பாது. விழிகள் மட்டும் மூலைக்குச் சென்று காசியின்மேல் நின்றன. அவற்றில் வசை இருந்திருந்தால் காசிக்கு எளிதாயிருந்திருக்கும். கிணற்றுக்குள் விழுந்தவன் மேலே எட்டிப் பார்க்கும் முகத்தைப் பார்ப்பதுபோல அவை பார்த்தன.

காசிக்கு இப்போது கணக்கு சிக்கலாயிற்று. பேசினால் தங்கையின் இந்த முகத்தைத் தன் கையாலேயே அழிக்க வேண்டும். பேசாவிட்டால் இம்முகம் கோயில் வாசல்வரை இருக்கும். அதற்குமேல் தாலி இராது. ஆனால் தன்னை நேசித்து, தனக்காகவே நேர்ந்து இறந்தவனின் மனைவியாக அவள் மீதிக் காலத்தைக் கழிப்பாள். அது போளூர்க்காரிக்கு ஓரமாய் வாழ்வதைவிடத் தாழ்வா? மனம் இவ்வளவு நயமாகவும் வாதாடும் என்று காசி அறிந்திருக்கவில்லை. தன் உயிருக்காக வாதாடுகையில் எந்த மனமும் பெரும்புலவன்தான்.

கோயில் சிறியது, வாசலில் ஒரு வேப்பமரமும் கல்மேடையும். மேடைமேல் பூசாரி கபாலி நின்றிருந்தான். பருத்த உடல், குரலும் அப்படியே. காலையிலிருந்து அலகு உருவிக் களைத்திருந்தான்.

"வரிசையா வாங்கப்பா. தள்ளுனீங்க, நான் எறங்கிப் பூடுவேன்! அடுத்தது யாரு? ஏ அப்பா, இது இன்னாது, கடப்பாரையா?"

கூட்டம் சிரித்தது. கபாலி இராமலிங்கத்தின் முகவாயைத் தொட்டுப் பார்த்தான். இரும்பு கறுத்திருப்பதையும், பிடி மரமாய் இருப்பதையும், குத்தியது கோணலாய் இருப்பதையும் கண்டான். கண்டும் அவனுக்கு வேறொன்றும் தோன்றவில்லை.

"எவன்டா குத்திவுட்டது இத? வெள்ளியும் இல்ல, பித்தளையும் இல்ல. குத்தத் தெரியாதவன்லாம் குத்த வந்துடறானுங்க. தோ, புடிச்சுக்குங்க தலையை. நீ அசையாத சாமி. இழுக்கறதே தெரியாது."

ஒருவன் பின்னாலிருந்து தலையைப் பற்றினான். தனம் குடத்தை இரு கைகளாலும் தாங்கி, உருவியதும் பாலூற்றக் காத்து நின்றாள். கபாலி உள்ளங்கையில் திருநீற்றைக் குவித்துக்கொண்டான். மறு கை பிடியை நாடிப் போயிற்று. இராமலிங்கம் அந்தக் கையை விலக்கத் தட்டினான். இருவர் அவன் தோள்களை அமுக்கினர்.

"நிறுத்து" என்றான் காசி.

பம்பையில் அது கரைந்தது. அவனுக்கே கேட்டிருக்காது. சொல்லிவிட்டேனே, கேட்காதது என் குற்றமா என்று ஒரு நொடி மனம் இளைப்பாறப் பார்த்தது. அடுத்த நொடியில் கால்கள் கூட்டத்தைப் பிளந்தன.

"நிறுத்துங்க! உருவாதீங்க!"

"தோ, இன்னொரு சாமி வந்துட்டாரு" என்று பக்கத்திலிருந்தவன் காசியின் நெற்றியில் திருநீறு அறைந்தான். வேப்பிலையால் ஒருத்தி வீசினாள். "யாரு வந்திருக்கறது? பேரச் சொல்லு!" என்று கேட்டான் பம்பைக்காரன், கேட்டுப் பழகிய குரலில்.

காசி அவன் கையிலிருந்த கோலைப் பறித்து எறிந்தான். அடி நின்றது. திடீரென்று வந்த அமைதியில் தன் குரலையே அவன் கேட்டான்.

"சாமி இல்ல ஒண்ணும் இல்ல. நான் மண்டி காசி. அது அலகு இல்ல. அரிசி குத்தற ஊசி. வேண்டுதல் இல்ல. சண்டையில நான்தான் இந்தாளைக் கொல்றாப்புல குத்திட்டேன். உருவுனா செத்துடுவான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க."

கபாலியின் கை பிடியின்மேல் இருந்தது. அவன் அதை நெருப்பிலிருந்து எடுப்பதுபோல எடுத்தான். இராமலிங்கத்தின் கண்கள் மூடின. அவற்றிலிருந்து நீர் இறங்கி வெண்தூளில் கோடிட்டது.

தனம் அண்ணனைப் பார்த்தாள், கணவனைப் பார்த்தாள், அவன் கழுத்தோரத்து எலுமிச்சம்பழத்தைப் பார்த்தாள். தலையிலிருந்த குடத்தை மெல்ல இறக்கி, பால் தளும்பாமல் மேடைமேல் வைத்தாள். அதன்பின் தரையில் உட்கார்ந்தாள்.

முதல் அடி காசிக்குப் பின்னாலிருந்து விழுந்தது. பிறகு பல. கிருத்திகையன்று கோயில் வாசலில் இப்படியொரு வாயா என்று அடித்தவர்களும் உண்டு. மாப்பிள்ளையைக் குத்தியவனா என்று அடித்தவர்களும் உண்டு. ஏன் என்று அறியாமல் அடித்தவர்களே மிகுதி. கீழே கிடந்தபடி காசி ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான். "உருவாதீங்க. படுக்கப் போடாதீங்க. உருவாதீங்க." காய்கறி டெம்போ ஒன்று வந்தது, இராமலிங்கத்தை நின்ற வாக்கிலேயே ஏற்றி, நால்வர் பிடித்துக்கொள்ள, எடுத்துப் போனார்கள். அதன் ஒலி மறைந்தபின் காசியும் பேசுவதை நிறுத்தினான்.

காவலர் இருவர் வந்து மீட்டபோது அவனுக்கு ஒரு கண் மூடியிருந்தது. விலா எலும்பு ஒன்று முறிந்திருந்தது. காயத்துக்குச் சான்று வேண்டுமென்று அவனையும் அதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தாழ்வாரத்துப் பெஞ்சில் ஏட்டு சக்கரபாணியின் பக்கத்தில் அவன் உட்கார்ந்திருந்தான். எதிரே கதவு திறந்திருந்தது. உள்ளே இராமலிங்கம் நாற்காலியில் நிமிர்ந்து, முன்னுக்குச் சற்றே குனிந்து இருந்தான். கன்னத்துப் பிடியைச் சுற்றிலும் துணியைச் சுருட்டி அசையாமல் கட்டியிருந்தார்கள்.

காது மூக்குத் தொண்டை மருத்துவர் பத்மஜா எக்ஸ்ரே படத்தைச் சன்னல் வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்திருந்தார். மெலிந்த உருவம், அவசரம் தெரியாத குரல்.

"இந்த எலுமிச்சம்பழம் யார் வெச்சது?"

யாரோ ஒருவன் தலையைச் சொறிந்தான். "சாமிக்குன்னு… வெச்சிட்டாங்கம்மா."

"பரவாயில்ல. வெச்சதோட விட்டாங்களே. நர்ஸ், பழத்தை அறுத்து எடுங்க. இழுக்கக் கூடாது, ரெண்டா வகுந்து எடுங்க." படத்தை ஏட்டின் பக்கம் திருப்பினார். "இங்க பாருங்க. மூளைக்குப் போற பெரிய ரத்தக்குழாய் இந்த இடத்துல ஓடும். ஊசி அதைக் கிழிச்சிருக்கணும். ஆனா கிழிச்ச ஓட்டையை அதுவே அடைச்சுக்கிட்டு நிக்குது. இங்க எடுக்க முடியாது. வேலூர்ல கழுத்தைத் திறந்து, குழாயை மேலயும் கீழயும் கட்டிட்டுத்தான் எடுப்பாங்க. போறவரைக்கும் இப்படியே உட்கார வெச்சிருக்கணும். படுத்தா ரத்தம் மூச்சுல இறங்கிடும்."

"கோயில்ல பூசாரி இழுத்திருந்தா?" என்று கேட்டான் சக்கரபாணி.

"அங்கேயே முடிஞ்சிருக்கும்."

"இப்ப?"

"இப்பவும் சொல்ல முடியாது. நாக்கு நரம்பு அறுந்திருக்கலாம். எடுக்கும்போது எதுவும் ஆகலாம். ஆனா எடுத்துப் பாக்கறதுக்கு ஆள் உயிரோட இருக்கார்."

ஏட்டு ஓரக்கண்ணால் காசியைப் பார்த்தான். காசி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வண்டி வந்தது. உடன் போகத் தனம் வந்து நின்றாள். வேப்பிலை மாலையை எங்கோ கழற்றிப் போட்டிருந்தாள். மஞ்சள் சேலை மட்டும் அப்படியே ஈரமாய் இருந்தது. பெஞ்சைக் கடக்கும்போது நின்றாள்.

"இன்னா சொன்னாரு உன்ன?"

காசிக்குக் கருக்கா என்ற சொல் நாக்கின் நுனிவரை வந்தது. சொன்னால் அவன் குற்றத்தில் பாதி கரைந்திருக்கும். ஒருவேளை அவள்கூட அவன் பக்கம் சாய்ந்திருப்பாள்.

"ஒண்ணும் சொல்லல. எனக்குத்தான் கோவம்."

"ஒண்ணும் சொல்லாதவரையா குத்துன?"

"ஆமா."

அவள் அவனை நெடுநேரம் பார்த்தாள். நம்பவில்லை என்பது தெரிந்தது. "என்னாலதான்னு மட்டும் கோர்ட்ல சொல்லிடாத ண்ணா. எல்லாரும் என்னாலன்னுதான் சொல்லுவாங்க. நீ சொல்லாத."

"சொல்ல மாட்டேன்."

"கோயில்ல சொன்னியே, அத தெருவுலயே சொல்லியிருக்கலாம் இல்ல? நான் அவ்வளவு தூரம் சிரிச்சிகினே வந்தேன். எல்லாரும் பாத்தாங்க."

அவள் வண்டியில் ஏறி, கணவனுக்கு எதிரே உட்கார்ந்து, அவன் முழங்கால்களை இரு கைகளாலும் பற்றிக்கொண்டாள். அவன் அவளைப் பார்த்தானா என்பதைக் காசியால் அந்தப் பெஞ்சிலிருந்து காண முடியவில்லை.

மறுநாள் காவல் நிலையத்தில் காசி சுவரோரம் குந்தியிருந்தான். எழுதவேண்டியதெல்லாம் எழுதி முடிந்திருந்தது. கோயில் வாசலில் கேட்டவர்கள் அத்தனை பேரும் சாட்சி. சட்டப் பிரிவின் எண்ணை மட்டும் சக்கரபாணி பென்சிலால் போட்டு வைத்திருந்தான். இராமலிங்கம் இறந்தால் மாற்ற நேரிடலாம் என்று.

"எப்பா, ஒண்ணு கேக்கறேன்" என்றான் சக்கரபாணி. "நீ கம்முனு இருந்திருந்தா உன்ன எவன் கேக்கப் போறான்? எங்களுக்கே தெரிஞ்சிருக்காது. இன்னாத்துக்கு வாயைத் தொறந்த?"

காசி யோசித்தான்.

"கபாலி கை வெச்சிட்டான். அதான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாங்க."

உச்சிவேளை கழிந்து தொலைபேசி ஒலித்தது. சக்கரபாணி எடுத்தான். "ஆமா… ஆமாங்க… சரி… பேச்சு?… சரிங்க." வைத்துவிட்டு மேசைக்குத் திரும்பினான். காசி விலாவைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தான், கேட்கவில்லை.

ஏட்டும் அவனிடம் சொல்லவில்லை. எதிர் மேசையில் இருந்த எழுத்தரைப் பார்த்துத்தான் சொன்னான்.

"முந்நூத்தி ரெண்டுக்கு மாத்த வேணாம். கொலை முயற்சிதான். முந்நூத்தி ஏழுன்னு பேனாவுலயே எழுதிடு."

காசி மெல்லச் சுவரைப் பற்றிக்கொண்டு மறுபடி உட்கார்ந்தான். கிருத்திகை விரதத்தோடு வந்தவன் அதுவரை ஒன்றும் உண்ணவில்லை. காலையில் வைத்த இட்லிப் பொட்டலம் பக்கத்திலேயே ஆறிக் கிடந்தது. பிரித்தான். இலை காய்ந்து இட்லியோடு ஒட்டியிருந்தது. நகத்தால் அதைச் சுரண்டி எடுத்துவிட்டுச் சாப்பிடத் தொடங்கினான். வலப்பக்கம் மெல்ல முடியவில்லை, அடி விழுந்திருந்தது. இடப்பக்கமாகவே மென்றான்.